மேடையிலும் திரையிலும் உடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாடக மேடையின் காட்சியமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, உடையையும் ஒப்பனையையும் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. சேலம் மாவட்டத்திலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: நான் கைத்தறி நெசவாளன். கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிக்கும் என் மகள், திரைப்படத் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். கதாநாயகிக்கு நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு படிப்பும் தனி வேலையும் தேவையா?
— நெசவாளர், இளம்பிள்ளை

பதில்: ஐயா, நல்ல புடவையாகப் பார்த்து எடுப்பது மட்டுமே வேலை என்றால் தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் திரைப்படத்தின் ஆடை வடிவமைப்பாளர் துணியைத் தொடுவதற்கு முன்பு கதையைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாத்திரம் எத்தனை காட்சிகளில் வருகிறது, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே கதையில் எத்தனை நாள் கழிந்திருக்கிறது, அதற்குள் அந்த மனிதருக்குக் கையில் பணம் வந்ததா, கடன் ஏறியதா, வீட்டில் துக்கம் நடந்ததா என்றெல்லாம் காட்சிவாரியாகக் குறித்துக்கொண்ட பிறகுதான் எந்த உடை எந்தக் காட்சிக்கு என்பது முடிவாகும்.

தங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் ஒருவரைத் திரையில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வாங்கிய புது வேட்டியைக் கட்டிவிட்டால், நடிகர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் தறியில் உட்கார்ந்து பழகியவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நெய்த துணி சுருளும் படமரத்தின் மேல் வயிறு சாய்ந்து சாய்ந்து உராயும் இடத்தில் துணி முதலில் நைந்திருக்க வேண்டும். மிதிபலகையில் கால் வைக்க வசதியாக வேட்டி மடித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஊடுநூலை ஓட்டும் நாடாவை இழுக்கும் கையின் பக்கம் சட்டையின் அக்குள் தையல் விட்டிருக்க வேண்டும். இதைச் செயற்கையாக உண்டாக்குவது ஒரு தனிக் கலை. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது, தேயிலைச் சாறில் நனைத்து வெயிலில் காய வைப்பது, பல முறை வெளுத்துச் சாயத்தை இறக்குவது என்று புதுத் துணியைப் பழசாக்குவதற்கென்றே பெரிய படங்களில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். கிழிசல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கத்தரியால் நறுக்கினால் அது கந்தலாகத் தெரியுமே தவிர, உழைத்தவரின் உடையாகத் தெரியாது.

இதோடு முடிவதில்லை. படப்பிடிப்பு கதையின் வரிசைப்படி நடப்பதில்லை. இறுதிக் காட்சியை முதல் வாரத்திலேயே எடுக்க நேரிடும். வாசலில் நின்று பேசுவதை ஒரு மாதத்திலும், அதே வாசலைத் தாண்டி உள்ளே நுழைவதை வேறொரு மாதத்தில் வேறோர் ஊரிலும் எடுப்பார்கள். அப்போது எந்தப் பொத்தான் திறந்திருந்தது, முந்தானை எந்த அளவுக்கு இறங்கியிருந்தது, சட்டைப் பையில் பேனா இருந்ததா என்பதெல்லாம் படத்தோடும் குறிப்போடும் பதிவாகியிருக்க வேண்டும். துறையில் இதைக் கன்டினியூட்டி என்பார்கள். மழைக் காட்சிக்கும் சண்டைக் காட்சிக்கும் ஒரே உடையில் பல பிரதிகள் வேண்டும். அவை அனைத்தும் ஒரே அளவில் பழசாகியும் இருக்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்குச் சுவையான இரண்டு செய்திகள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நம் வெண்பட்டின் தூய வெண்மை கேமராவுக்குச் சிக்கலானது. வலுவான விளக்கொளியில் வெள்ளைத் துணி மட்டும் தகதகவென்று தெரிந்து, அணிந்திருப்பவரின் முகத்தை மங்கச் செய்துவிடும் என்பதால், வெள்ளையை இலேசான தேயிலைச் சாறில் நனைத்து ஒரு படி மட்டுப்படுத்துவது நெடுநாள் வழக்கம். அதுபோலவே செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளிலிருந்து வரும் வெள்ளிக் கொலுசும் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவாளரின் கவலைக்குரிய பொருள். வசனத்தின் குறுக்கே சலங்கை மணி ஒலித்தால் பதிவு கெட்டுவிடும் என்பதால், பேசும் காட்சியில் மணிகளைக் கழற்றிவிட்டுக் கொலுசொலியைப் பின்னால் தனியாகச் சேர்ப்பதுண்டு.

தறிச் சத்தத்தில் வளர்ந்த பெண்ணுக்கு எந்த நூல் எப்படி விழும், எந்தத் துணி எங்கே மடியும் என்பது கைப்பழக்கமாகவே வந்திருக்கும். வேறு பலர் ஆண்டுக்கணக்கில் படித்தும் பெற முடியாத அறிவு அது. மகளைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள், ஐயா.

கேள்வி: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயிலைத் தினமும் கடந்து கல்லூரிக்குப் போகிறேன். அங்கே எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அரச உடைகள் அவ்வளவு வேலைப்பாட்டோடு இருக்கின்றன. நிறமே தெரியாத படத்துக்கு உடையைப் பற்றி அவ்வளவு அக்கறை ஏன்?
— மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: நிறம் தெரியாததால்தான் அக்கறை இரட்டிப்பாயிற்று. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அரக்குச் சிவப்பு உடலும் கரும்பச்சைக் கரையும் கொண்ட பட்டுப்புடவை ஒன்றைச் செல்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்புமானால், கண்ணுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்த கரை படத்தில் காணாமல் போயிருக்கும். சரிகை மட்டும் மிஞ்சும். கறுப்பு வெள்ளைக் காலத்தின் ஒளிப்பதிவாளருக்கும் உடை தைப்பவருக்கும் இது அன்றாடச் சிக்கல். எந்த நிறம் எந்தச் சாம்பலாக விழும் என்பதை அவர்கள் மனத்தில் கணக்கிட்டாக வேண்டும். மௌனப் படங்களின் காலத்தில் பரவலாக இருந்த படச்சுருள் சிவப்பையே உணராது என்பதால், சிவப்பு உதட்டுச் சாயம் திரையில் கறுப்பாகத் தெரிந்தது. பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் வந்தபோதும், நிறத்தின் வேலையை வேறு எதையாவது கொண்டு செய்ய வேண்டியிருந்தது. பட்டின் பளபளப்பு, வெல்வெட்டின் ஆழ்ந்த கறுப்பு, ஜிகினாவின் மினுக்கம், சரிகையின் கோடு, துணியின் மடிப்பு ஆகியவையே அந்த வேலையைச் செய்தன. தாங்கள் கண்ட வேலைப்பாட்டுக்குக் காரணம் இதுவே.

டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய அந்த நிறுவனம், மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் வெளிவரக் காரணமாயிற்று. 1940-இல் அங்கே உருவான 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். ஒரே முகம் இருவராக வரும் கதையில், நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே இவர் யார் என்பதைப் பார்வையாளர் அறிந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பில் பெரும்பங்கை உடையும் தலைப்பாகையும் நடையும்தாம் சுமக்கின்றன.

1956-இல் அதே நிறுவனம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவா கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது. அதுவரை சாம்பல் கணக்குப் போட்டுப் பழகிய கைகள் ஒரே படத்தில் நிறக் கணக்குக்கு மாற வேண்டியிருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அக்கால வண்ணச் சுருளுக்கு ஒளியுணர்வு குறைவு. ஆகவே விளக்குகளைப் பெருக்க வேண்டும். விளக்கு பெருகினால் சூடு பெருகும், வேர்வையில் ஒப்பனை கரையும், கனத்த உடையில் நடிகர் தவிப்பார். இத்தனைக்கும் நடுவில் சுவரின் நிறமும் உடையின் நிறமும் ஒன்றையொன்று விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அயல்நாட்டிலும் வண்ணம் வந்தபோது இத்தகைய மாற்றங்கள் நேர்ந்தன. 1939-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' கதையின் மூல நூலில் சிறுமி அணிவது வெள்ளிக் காலணி. டெக்னிக்கலர் என்ற வண்ண முறையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று படத்தில் அதை மாணிக்கச் சிவப்பாக மாற்றினார்கள். உடைக்கான ஆஸ்கர் விருதே தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என இரண்டாக வழங்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்று அவர்கள் உணர்ந்திருந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் விருது உடைக்காகக் கிடைத்தது என்பது உண்மையா?
— மாணவி, ஆத்தூர்

பதில்: உண்மை. 1982-இல் வெளிவந்த 'காந்தி' படத்துக்காகப் பானு அத்தையா, ஜான் மோலோவுடன் இணைந்து 1983-இல் அவ்விருதைப் பெற்றார். ஒரு மனிதர் மேற்கத்திய கோட்டிலிருந்து முழங்கால் அளவு வேட்டிக்கு வந்து சேர்ந்த வாழ்க்கை வரலாற்றில், உடையே பாதிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் கூத்து நடக்கும். வெளியூரிலிருந்து வந்த என் நண்பர்கள், கூத்து வேடம் மிகையானது, முகத்தில் இவ்வளவு சாயமும் தோளில் இவ்வளவு கட்டையும் எதற்கு என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், மேச்சேரி

பதில்: தங்கள் நண்பர்கள் திரைப்படத்தின் கண்ணைக் கொண்டு கூத்தைப் பார்த்திருக்கிறார்கள். கேமரா நடிகரின் இமை அசைவு தெரியும் அளவுக்கு அருகில் போகிறது. கூத்தின் பார்வையாளரோ தரையில் பாய் விரித்து, ஆட்டக் களத்தைச் சுற்றி மூன்று புறமும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் பல தலைகள். மின்விளக்கு வருவதற்கு முன் பந்தத்தின் ஒளியிலும், பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் அவர் விடிய விடியக் கூத்தைப் பார்த்தார். நடுச்சாமத்தில் கண்ணயர்ந்து விழிக்கும் ஒருவர், நிமிர்ந்த மாத்திரத்தில் களத்தில் நிற்பவர் துரியோதனனா கண்ணனா என்று அறிய வேண்டும். அந்த இடத்துக்கும் அந்த ஒளிக்கும் ஏற்பத் தலைமுறை தலைமுறையாகச் செப்பனிடப்பட்ட வடிவமைப்பு அது.

கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தில் செதுக்கியது. இரவெல்லாம் சுமந்து ஆட வேண்டும் என்பதால் கனத்த மரம் உதவாது. அதன் மேல் வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கும். அசையும் சுடரின் ஒளி அந்தக் கண்ணாடிகளில் பட்டு, ஆடுபவர் திரும்பும்போதெல்லாம் தெறிக்கும். கிரீடம் ஆளை உயரமாக்குகிறது, புஜக்கட்டை தோளை அகலமாக்குகிறது, விறைப்பான பாவாடை சுழலும்போது விரிந்து களத்தையே நிறைக்கிறது. மனித உருவம் ஒன்றரை மடங்காகிவிடுகிறது. அரசனையும் அசுரனையும் காட்ட அந்த அளவு தேவைப்படுகிறது. அரிதாரத்தைக் குழைத்துப் பூசிக்கொள்ளும் முகமும் அப்படியே. சினமும் செருக்கும் மிக்கவருக்குச் சிவப்பு, தெய்வத்தன்மை உடையவருக்குப் பச்சையும் நீலமும் என்பது பெரும்பாலும் பின்பற்றப்படும் முறை. கண்ணைச் சுற்றிய கறுப்பு வெள்ளைக் கோடுகளால், எட்ட இருப்பவருக்கும் விழி உருளுவது தெரிகிறது.

இன்னொன்றையும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். முக்கிய வேடம் களத்துக்கு வரும் முறையைக் கவனித்தார்களா? இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து, வேடத்தின் வருகைக்கான பாடலாகிய திரை விருத்தம் கேட்கும். முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் துணிக்கு மேலே தெரியும், பிறகு துணியின் விளிம்பில் கை தெரியும், கண் தெரியும், சலங்கை அதிரும், கூட்டம் முன்னால் நகரும், அதன் பிறகே திரை விலகும். அண்மைக் காட்சி என்று திரைப்படத்தில் எதைச் சொல்கிறோமோ அதைக் கூத்து ஒரு முழத் துணியைக் கொண்டு செய்துவிடுகிறது. துகிலுரியும் கட்டத்திலோ துணியே கதையாகிவிடுகிறது. கற்பூரம் ஏற்றி வணங்கிய பிறகே அந்தக் கட்டத்தைத் தொடங்கும் வழக்கமும் கூத்தில் உண்டு.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. திருவிழா நடத்துபவர்கள் பொறுத்தருள வேண்டும். இப்போது பல ஊர்களில் கண்ணைக் கூசும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை நான்கு பக்கமும் கட்டிவிடுகிறார்கள். நிழலே விழாத அந்த ஒளியில் அரிதாரம் வெறும் சாயமாகவும், கட்டை வெறும் காகிதமாகவும் தெரிகின்றன. தங்கள் நண்பர்கள் மிகை என்று சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கக்கூடும். மஞ்சள் ஒளி தரும் விளக்குகளை முன்புறம் தாழ்வாக வைத்துப் பாருங்கள். செலவு அதிகமாகாது, வேடம் மீண்டும் உயிர்பெறும்.

கேள்வி: ஒளியமைப்பு, காட்சியமைப்பு என்பனவெல்லாம் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றவைதாமே?
— தமிழாசிரியர், தாரமங்கலம்

பதில்: ஒரு பகுதி அப்படியே. பார்சி நாடகக் குழுக்கள் வழியாக நமக்கு வந்த, தெருவும் அரண்மனையும் நந்தவனமும் தீட்டிய படுதாக்கள் ஐரோப்பிய ஓவிய முறையின் வழிவந்தவை. ஆனால் தாங்கள் வகுப்பில் நடத்தும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைச் சற்று இந்தக் கோணத்தில் பாருங்கள். 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக அரங்கம் அமைக்கப்படுகிறது. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் திரை, இருபுறமிருந்தும் வந்து பொருந்தும் திரை, மேலே மறைந்திருந்து இறங்கும் திரை என மூன்று எழினிகள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்று இளங்கோவடிகள் குறிக்கிறார். மேடையின் ஒளியமைப்பாளர் இன்றைக்கும் முதலில் பார்ப்பது அதைத்தான். உடைக்குக் கடலாடு காதையைப் பாருங்கள். மாதவி ஆடிய 11 ஆடல்களுள் இந்திராணி உழத்தி வேடம் கொண்டு ஆடிய கடையமும் ஒன்று. தேவ மகளை வயலில் உழைக்கும் பெண்ணாகக் காட்ட, ஆடும் மாதவி எதை உடுத்தியிருப்பாள், எதைக் கழற்றியிருப்பாள் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாடம் களைகட்டும்.

கேள்வி: உடையும் அரங்கமும் முரண்பட்டால் யார் சொல்வது செல்லும்?
— வாசகர், ஓமலூர்

பதில்: இறுதிச் சொல் இயக்குநருடையது. ஆனால் நல்ல குழுவில் கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஆடை வடிவமைப்பாளரும் படப்பிடிப்புக்கு முன்பே சுவரின் நிறத்தையும் துணியின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். படத்தின் மொத்தத் தோற்றத்துக்கும் ஒருவரே பொறுப்பேற்கும் முறையை முன்னிட்டு, 1939-இல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் வில்லியம் கேமரன் மென்சீஸுக்குத் தனிப் பதவிப் பெயர் தரப்பட்டது. நம் ஊரில் 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை எழுப்பிக் காட்டித் தேசிய விருது பெற்றார். அந்தச் சந்துகளில் நடமாடுவோரின் உடை ஒரு படி பளிச்சென்று இருந்திருந்தாலும் அரங்கம் பொய்த்துப் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய நாடகம் ஒன்றை மாணவர்கள் போடவிருக்கிறார்கள். கையிருப்பு மிகக் குறைவு. சேலத்தில் வாடகைக்கு உடை எடுக்கலாமா, நாங்களே செய்யலாமா?
— ஆசிரியை, ஏற்காடு

பதில்: அம்மா, நீங்களே செய்யுங்கள். வாடகைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஜிகினா வைத்த புராண உடைகளும், ஒரே அச்சில் வார்த்த 'கிராமத்து' உடைகளுமே. சேர்வராயன் மலையின் குளிரும் மழையும் அவற்றில் இராது.

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது பதிவான வரலாறு. நாடகம் எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதை முதலில் மாணவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் காலமும் 1950களும் இன்றைய நாளும் உடையில் ஒன்றல்ல. பிறகு மாணவர்களைத் தோட்டங்களில் வேலை செய்த முதியவர்களிடம் அனுப்பி, மழையில் தலைக்கு என்ன போட்டுக்கொண்டீர்கள், பழம் பறிக்கும்போது சேலையை எப்படிச் செருகிக்கொண்டீர்கள், கூடையை எங்கே கட்டினீர்கள், அட்டை ஏறாமல் இருக்கக் காலில் என்ன சுற்றினீர்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சாக்கை ஒரு மூலையில் உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணி ஒன்று போதும். மழை பெய்கிறது என்று வசனம் சொல்ல வேண்டிய தேவையே இராது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தைச் சொன்ன 'பரதேசி' படத்தின் உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அழகற்ற எளிய துணிக்கு உரிய மதிப்பு அங்கே கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

மலைவாழ் மக்கள் நாடகத்தில் வருவார்களானால், இலையும் தழையும் இறகும் கட்டிக் காட்டும் பழைய பள்ளி நாடக வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். தங்கள் வகுப்பிலேயே அம்மக்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் பாட்டிமார் எப்படி உடுத்துகிறார்களோ அதைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட வகையில் உடுத்துவதே முறை.

துணிக்கு வீடுகளிலிருந்து பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் திரட்டுங்கள். பளிச்சென்று இருப்பவற்றைத் தேயிலைச் சாறிலோ காப்பித் தூளின் சக்கையிலோ ஊற வையுங்கள். முட்டியும் முழங்கையும் படும் இடங்களை உப்புத்தாளால் தேயுங்கள். மேலாளராக வருபவரின் உடை மட்டும் சுருக்கமின்றித் தேய்த்ததாக, காலணி மண் படாததாக இருக்கட்டும். யார் வேலை செய்கிறார்கள், யார் வேலை வாங்குகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தொழிலாளர் கூட்டத்தை மண், பழுப்பு, மங்கிய பச்சை நிறங்களில் வைத்து, கதையை நடத்திச் செல்லும் பெண்ணுக்கு மட்டும் மங்கிய சிவப்புச் சேலை கொடுத்தால், மேடையில் எத்தனை பேர் நின்றாலும் பார்வையாளரின் கண் அவளைத் தேடிப் போகும். பின்திரைக்குச் சாம்பல் நிறத் துணி ஒன்று போதும். மலையை வரைய வேண்டாம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, விழா நடக்கும் அதே மாலை நேரத்தில், அதே விளக்குகளைப் போட்டு, முழு உடையோடு ஓர் ஒத்திகை வையுங்கள். தாங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டாம். அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து தெரியாததை எல்லாம் குறித்துக்கொண்டு, மறுநாள் அவற்றை மட்டும் திருத்துங்கள்.